வீட்டுக் கணக்குக்கு ஒரு முனைவர் பட்டம்





சென்ற மாதம் வந்த கடிதங்களில் ஒன்றை மட்டும் கோப்பில் சேர்க்காமல் மேசை மேலேயே வைத்திருக்கிறேன். கும்பகோணம் பக்கத்திலிருந்து ஒரு தாய் எழுதியது. அவருடைய மகள் எம்.காம். முடித்து, நிதித் திட்டமிடலில் சான்றிதழும் வாங்கி, சென்னையில் மூன்று வருடமாக வேலை பார்க்கிறார். இப்போது அமெரிக்கா போய் 'தனிநபர் நிதித் திட்டமிடல்' என்ற துறையில் முனைவர் பட்டம் படிக்கப் போகிறேன் என்கிறாராம். "குடும்பச் செலவைத் திட்டம் போட டாக்டர் பட்டம் வேணுமா ஐயா? எங்க மாமியார் நாலாங்கிளாஸ்தான். சிறுவாடு சேர்த்தே ரெண்டு பொண்ணுங்களைக் கரையேத்தினாங்க. பொண்ணுக்கு இருபத்தேழு வயசாகுது. அஞ்சு வருஷத்தை இதுல போடலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

அவருக்குத் தனியாகப் பதில் எழுதிவிட்டேன். எழுதிய பிறகும் கடிதம் மனதை விட்டுப் போகவில்லை. காரணம் என் அப்பா.

அப்பா ஒரு பஞ்சாலையில் கணக்கர். 1998இல் ஓய்வு பெற்றார். ஓய்வூதியம் என்று பெரிதாக எதுவும் கிடையாது. வருங்கால வைப்பு நிதியும் பணிக்கொடையும் ஒரே தொகையாகக் கைக்கு வந்தன. அன்று இரவு ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து, முதல் பக்கத்தில் வழக்கம்போல 'உ' போட்டு, அதன் கீழே ஒரே ஒரு வரி எழுதினார்: 'மாதம் எவ்வளவு எடுத்தால் இருவருக்கும் கடைசி வரை வரும்?'

அந்தக் கேள்வியோடு மூன்று பேரிடம் போனார். வங்கியில் வைப்புத்தொகை போடச் சொன்னார்கள். ஒரு முகவர், அறுபதை நெருங்கிய மனிதரிடம் பதினைந்து வருடப் பாலிசி ஒன்றை விற்றுவிட்டுப் போனார். உறவினர் ஒருவர் ஊருக்கு வெளியே மனை வாங்கச் சொன்னார். மூவருமே பணத்தை எங்கே போடுவது என்று சொன்னார்கள். அப்பா கேட்டது அது இல்லை. எவ்வளவு எடுக்கலாம் என்பதற்கு ஒருவரிடமும் பதில் இல்லை.

கடைசியில் அவரே அன்றைய வட்டியை வைத்துக் கணக்குப் போட்டு ஒரு தொகையை முடிவு செய்தார். அடுத்த ஐந்து வருடத்தில் வங்கி வட்டி ஏறக்குறையப் பாதியாக இறங்கியது. அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. 2001இல் காபித்தூள் அரைக் கிலோ. 2003இல் கால் கிலோ. அதே வருடம் ஆடி மாதம் 'பேப்பர்' என்ற வரியின் மேல் ஒரு கோடு. முப்பது வருடம் காலையில் செய்தித்தாள் படித்த மனிதர், ஒன்றும் சொல்லாமல் தெருமுனை நூலகத்துக்கு நடக்கத் தொடங்கினார். பாலிசிக்குத் தவணை கட்ட முடியாமல் அது நின்றுபோனது.

இதில் என்னை இன்றைக்கும் வருத்துவது ஒன்று உண்டு. அப்பா அந்த வரியை எழுதுவதற்கு நான்கு வருடம் முன்பே, அதே கேள்வியை ஒருவர் உட்கார்ந்து முறையாக ஆராய்ந்திருந்தார். வில்லியம் பெங்கன் என்று பெயர். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் வானூர்திப் பொறியியல் படித்து, குடும்பத்தின் குளிர்பான வியாபாரத்தைப் பார்த்து, பிறகு கலிஃபோர்னியாவில் நிதி ஆலோசகரானவர். அவரிடம் வந்தவர்களும் இதையேதான் கேட்டார்கள். அவர் 1926இலிருந்து அமெரிக்கப் பங்கு, கடன்பத்திர வருமானங்களையும் விலைவாசியையும் எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு வருடத்திலும் ஒருவர் ஓய்வு பெற்றதாக வைத்துக்கொண்டு, அவர் பணம் எத்தனை வருடம் தாங்கியிருக்கும் என்று பார்த்தார். முதல் வருடம் சேமிப்பில் 4 சதவீதம் எடுத்து, பிறகு விலைவாசி ஏறும் அளவுக்கு அந்தத் தொகையைக் கூட்டிக்கொண்டே போனால், மிக மோசமான காலத்தில் ஓய்வு பெற்றவருக்கும் பணம் முப்பது வருடம் தாக்குப்பிடித்தது. இது 1994 அக்டோபரில் 'ஜர்னல் ஆஃப் ஃபைனான்ஷியல் பிளானிங்' இதழில் வந்தது. பின்னாளில் அவரே அந்த எண்ணைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டார்.

பெங்கன் முனைவர் பட்டம் பெற்றவர் அல்ல. இதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் அவர் தொடங்கியதைத் தட்டிப் பார்த்து, எங்கே உடைகிறது என்று சொன்னவர்கள் பெரும்பாலும் ஆய்வாளர்கள். 1998இல் டெக்சாஸின் டிரினிட்டி பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் மூவர் அதை விரித்து ஆராய்ந்தார்கள். 2010இல் வேட் ஃபாவ் என்ற பொருளாதார ஆய்வாளர், அதே கணக்கை 17 வளர்ந்த நாடுகளின் தரவுகளில் போட்டுப் பார்த்தார். பெரும்பாலான நாடுகளில் 4 சதவீதம் தாங்கவில்லை. அமெரிக்காவுக்கு இருபதாம் நூற்றாண்டு அதிர்ஷ்டமான நூற்றாண்டு என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது. அந்த 17 நாடுகளில் இந்தியா இல்லை.

ஆகவே கும்பகோணத்துத் தாய்க்கு நான் எழுதிய முதல் வரி இது: உங்கள் மாமியார் செய்தது சேமிப்பு. உங்கள் மகள் படிக்கப் போவது, அந்தச் சேமிப்பு எந்த வீட்டில் கடைசி வரை தாங்குகிறது, எந்த வீட்டில் நடுவழியில் தீர்கிறது, ஏன் என்பதை.

இந்தத் துறையின் வேர் எங்கே இருக்கிறது தெரியுமா? எனக்கு வியப்பாக இருந்தது. வால் ஸ்ட்ரீட்டில் இல்லை. மனையியல் கல்லூரியில் இருக்கிறது.

எலன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸ் என்ற வேதியியலாளர்தான் தொடக்கம். 1870இல் எம்.ஐ.டி. சேர்த்துக்கொண்ட முதல் பெண். 1873இல் இளநிலைப் பட்டம் பெற்றார். முனைவர் பட்டம் வரை படிக்க அவருக்கு ஆசை இருந்தது. ஒரு பெண்ணுக்கு அதைக் கொடுக்க அந்த நிறுவனம் அன்று தயாராக இல்லை. அவர் தளரவில்லை. தண்ணீர், உணவு, வீட்டுச் செலவு என்று இல்லத்தையே ஆய்வுக்கூடமாக்கினார். 1899இல் நியூயார்க் மாநிலத்தின் லேக் பிளாசிட் என்ற மலையூரில் அவரும் தோழர்களும் கூடினார்கள். அந்தக் கூட்டம் பத்து ஆண்டு தொடர்ந்தது. அதிலிருந்து அமெரிக்க மனையியல் சங்கம் பிறந்தது. முதல் தலைவர் ரிச்சர்ட்ஸ்.

அடுத்த தலைமுறையில் இருவரைச் சொல்ல வேண்டும். ஹேசல் கிர்க், ஒரு பேராசிரியர் வீட்டில் வேலைகளுக்கு உதவியாக இருந்துகொண்டே படித்தவர். 1920இல் சிகாகோவில் பொருளாதாரத்தில் முனைவரானார். குடும்பங்கள் ஏன், எப்படிச் செலவழிக்கின்றன என்பதைப் பற்றி 1923இல் அவர் எழுதிய நூல் நுகர்வியலுக்கு அடித்தளம். அவருடைய மாணவி மார்கரெட் ரீட், 1934இல் வீட்டு உற்பத்தியின் பொருளாதாரத்தை எழுதினார். பணம் கொடுத்து வேறொருவரைச் செய்யச் சொல்லக்கூடிய வேலை எதுவோ, அதை வீட்டில் ஒரு பெண் கூலியில்லாமல் செய்தாலும் அது உற்பத்திதான் என்றார். அரிசி புடைப்பதிலிருந்து பிள்ளை வளர்ப்பது வரை எல்லாம் அந்த ஒரே அளவுகோலில் பொருளாதாரத்துக்குள் வந்துவிட்டது. நோபல் பரிசு பெற்ற மில்டன் ஃப்ரீட்மன், 1957இல் வெளியிட்ட தன் நுகர்வுக் கோட்பாட்டு நூலின் முன்னுரையில் ரீடுக்கு நன்றி சொல்லியிருக்கிறார்.

ரிச்சர்ட்ஸுக்குக் கிடைக்காத அந்தப் பட்டம் ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழித்து இந்தத் துறைக்கே வந்து சேர்ந்தது. டெக்சாஸில் பருத்திக் காடுகள் சூழ்ந்த சமவெளி நகரம் லபக். அங்குள்ள டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகம்தான் நிதித் திட்டமிடலுக்கென்றே முனைவர் பட்டத்தை முதலில் தொடங்கியது. அதை நடத்தியது வணிகக் கல்லூரி அல்ல. மனித அறிவியல் கல்லூரி. அதன் பழைய பெயர் மனையியல் கல்லூரி. கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்திலும் அப்படியே, மனையியலின் வாரிசான கல்லூரியில்தான் இந்தப் பட்டம் வளர்ந்தது. ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் நிதித் திட்டமிடலும் வீட்டுவசதியும் நுகர்வோர் பொருளாதாரமும் ஒரே துறை. நம் ஊரில் மனையியல் என்றதும் சமையலும் தையலும் என்று நினைத்து ஒதுக்கிவிடுகிறோம். அது பெரிய இழப்பு என்று நான் நினைக்கிறேன்.

தொழிலாகப் பார்த்தால் நிதித் திட்டமிடலுக்கு வயது குறைவு. 1969 டிசம்பரில் சிகாகோ விமான நிலையம் அருகே ஒரு ஹோட்டலில் பதின்மூன்று பேர் கூடினார்கள். காப்பீட்டை ஒருவர், பங்கை இன்னொருவர் என்று துண்டு துண்டாக விற்பதை விட்டு, குடும்பத்தை முழுசாகப் பார்க்கும் ஒரு தொழில் வேண்டும் என்றார்கள். 1973இல் முதல் அணியாக 42 பேர் சி.எஃப்.பி. எனும் நிதித் திட்டமிடுநர் சான்றிதழ் பெற்றார்கள். சான்றிதழ் பெருகியது, கல்லூரிகளில் பாடம் வந்தது, பாடம் நடத்த ஆசிரியர்கள் தேவைப்பட்டார்கள். முனைவர் பட்டங்கள் பிறந்ததற்கு அந்தத் தேவையும் ஒரு காரணம்.

சரி, உள்ளே போனால் என்னதான் படிப்பார்கள்?

முதல் இரண்டு மூன்று வருடம் வகுப்பு. அதில் கணிசமான பகுதி புள்ளியியலும் ஆய்வு முறைகளும். பண விஷயத்தில் ஆர்வம் இருந்தால் போதும் என்று போகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான். பிறகு கோட்பாடுகள். மனிதன் இளமையில் கடன் வாங்கி, நடுவயதில் சேர்த்து, முதுமையில் கரைக்கிறான் என்று வாழ்நாள் முழுவதையும் ஒரே கோட்டில் பார்க்கும், பொருளாதார அறிஞர் மோடிக்லியானியின் கருதுகோள் அதில் முக்கியமானது. அதற்குப் பிறகு அந்தக் கோட்டில் மனிதர்கள் ஏன் நடப்பதில்லை என்று ஆராயும் உளவியல்.

அந்த உளவியலுக்கு நான் அறிந்த நல்ல உதாரணம் ஹாரி மார்க்கோவிட்ஸ். பணத்தை எப்படிப் பிரித்துப் போட்டால் அபாயம் குறையும் என்பதற்குக் கணிதம் கண்டுபிடித்து, நோபல் பரிசு வாங்கியவர். அவர் தன் சொந்த ஓய்வுக்காலப் பணத்தைத் தன் சூத்திரப்படிப் பிரிக்கவில்லை. பங்கில் பாதி, கடன்பத்திரத்தில் பாதி போட்டார். சந்தை ஏறினாலும் இறங்கினாலும் பிற்பாடு தன்னைத் தானே நொந்துகொள்ளக் கூடாது என்பதுதான் காரணம் என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்த மேதைக்கே அப்படி என்றால், மகள் கல்யாணத்துக்கு வைத்த பணத்தோடு ஆலோசகர் முன்னால் உட்காரும் ஒரு தகப்பனின் நெஞ்சு எப்படி அடித்துக்கொள்ளும்? அதை அளந்து பார்க்கிறார்கள். ஜான் கிரேபிளும் ரூத் லிட்டனும் 1999இல் வெளியிட்ட பதின்மூன்று கேள்வி அளவுகோல், ஒருவர் எவ்வளவு அபாயம் தாங்குவார் என்று அறிய இன்றும் பயன்படுகிறது. பிராட் கிளான்ட்ஸ் என்ற உளவியலாளரும் உடன் ஆய்வாளர்களும், சிறுவயதில் வீட்டில் கேட்டுக் கேட்டுப் பதிந்த பண நம்பிக்கைகளை நான்காக வகைப்படுத்தினார்கள். பணம் பாவம் என்பவர், பணமே எல்லாம் என்பவர், பணமே மதிப்பு என்பவர், பணத்தைப் பொத்திப் பொத்திக் காப்பவர். இதைப் படித்தபோது எங்கள் வீட்டு ஆட்கள் ஒவ்வொருவரும் கண்முன் வந்து போனார்கள். அப்பா நான்காம் வகை. அவருடைய பயத்தை நாங்கள் கருமித்தனம் என்று நினைத்துவிட்டோம்.

பிறகு தரவுகள். அமெரிக்க மத்திய வங்கி மூன்று வருடத்துக்கு ஒருமுறை குடும்பங்களின் சொத்து, கடன் விவரங்களைத் திரட்டுகிறது. மிச்சிகன் பல்கலைக்கழகம் 1992இலிருந்து ஐம்பது வயது தாண்டியவர்களை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தேடிப்போய்க் கேட்டுவருகிறது. இந்தக் கடலுக்குள் மூழ்கி ஒரு கேள்விக்குப் பதில் எடுத்துவருவதுதான் ஆய்வேடு. மிச்சிகன் ஆய்வில் 2004இல் அன்னமரியா லூசார்டியும் ஒலிவியா மிட்செலும் மூன்றே கேள்விகளைச் சேர்த்தார்கள். 100 டாலருக்கு வருடம் 2 சதவீத வட்டி என்றால் ஐந்து வருடம் கழித்து 102 டாலருக்கு மேல் இருக்குமா, சரியாக 102 இருக்குமா, குறையுமா என்பது முதல் கேள்வி. மற்றவை விலைவாசி பற்றியும், ஒரே நிறுவனப் பங்கை வாங்குவது பற்றியும். மூன்றுக்கும் சரியாகப் பதில் சொன்னவர்கள் மூன்றில் ஒரு பங்கினர்தான். ஓய்வை எட்டிப் பார்க்கும் வயதினர் அவர்கள்.

அப்படியானால் எல்லோருக்கும் பாடம் நடத்திவிட்டால் போதும் என்றுதான் எவருக்கும் தோன்றும். நானும் இந்தப் பக்கத்தில் பலமுறை அப்படி எழுதியிருக்கிறேன். 2014இல் மூன்று ஆய்வாளர்கள் 168 ஆய்வுக் கட்டுரைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். நிதிக் கல்வித் திட்டங்களால் மனிதர்களின் பண நடத்தையில் விளக்க முடிந்த வேறுபாடு 0.1 சதவீதம் என்று வந்தது. படித்தது கொஞ்ச நாளில் மறந்துபோகிறது. முடிவெடுக்கும் தறுவாயில் சொல்லித் தந்தால்தான் பயன் என்றார்கள். 2022இல் வேறு ஆய்வாளர்கள் 76 கட்டுப்பாட்டுச் சோதனைகளைத் திரட்டி, பலன் அவ்வளவு குறைவு இல்லை, நிச்சயமாக இருக்கிறது என்று காட்டினார்கள். இந்த வழக்கு இன்னும் முடியவில்லை. இப்படிப்பட்ட வழக்கில் ஒரு சாட்சியமாவது தன் பங்குக்குக் கொண்டுவந்து வைப்பதற்குப் பெயர்தான் முனைவர் ஆய்வு. ஐந்து வருடம் அதற்கு அதிகமில்லை என்பது என் தீர்மானமான கருத்து.

இனி நடைமுறை. வளாகத்தில் தங்கி முழுநேரமாகப் படிப்பவர்களுக்குப் பெரும்பாலும் கற்பித்தல் உதவியாளர் அல்லது ஆய்வு உதவியாளர் பணி கிடைக்கும். கட்டணச் சலுகையும் மாத உதவித்தொகையும் அதனுடன் வரும். அது எழுத்தில் உறுதியாகாமல் வீட்டை அடகு வைத்து யாரும் கிளம்ப வேண்டாம். கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகம் போன்றவை, வேலையில் இருக்கும் ஆலோசகர்களுக்காகத் தொலைவழியில், சில நாட்கள் மட்டும் வளாகத்துக்கு வந்துபோகும் முறையில் இதே பட்டத்தைத் தருகின்றன. ஆனால் அப்படிப்பட்ட தொலைவழிப் படிப்பை நம்பி இங்கிருந்து மாணவர் விசா வாங்கிப் போக முடியாது. இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இந்தப் பட்டம் ஆலோசகர் உரிமம் அல்ல. திரும்பி வந்து கட்டணம் வாங்கி முதலீட்டு ஆலோசனை சொல்ல வேண்டுமென்றால், பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் 2013ஆம் ஆண்டு விதிமுறைப்படி பதிவு செய்தாக வேண்டும். நிறையச் சம்பாதிக்க வேண்டும் என்பது மட்டுமே எண்ணம் என்றால் இந்தப் பாதை வேண்டாம். அந்த ஐந்து வருடத்தில் தொழிலில் அதைவிட அதிகம் சேர்த்துவிடலாம். கற்பிக்கவும், கண்டுபிடிக்கவும், கொள்கை வகுப்பவர்களிடம் ஆதாரத்தோடு பேசவும் விரும்புகிறவர்கள் போகட்டும்.

நம் பிள்ளைகளுக்கு அங்கே செய்ய நிறைய இருக்கிறது. மிச்சிகன் ஆய்வின் சகோதர ஆய்வு ஒன்று இந்தியாவில் 2017-18இல் நடந்தது. மும்பையின் சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம், ஹார்வர்டுடனும் தெற்கு கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்துடனும் சேர்ந்து, 45 வயது தாண்டியவர்களும் அவர்களின் வாழ்க்கைத் துணைகளுமாக 72,000க்கும் மேற்பட்டோரிடம் உடல்நலம், வருமானம், சொத்து, குடும்பம் பற்றிக் கேட்டுத் திரட்டியிருக்கிறது. தமிழ்நாட்டு வீடுகளும் அதில் உண்டு. லபக்கில் உட்கார்ந்திருக்கும் ஒரு தமிழ்ப் பெண் அந்தத் தரவைத் திறந்து, சீட்டும் நகையும் சிறுவாடும் தெரிந்த கண்ணோடு பார்த்தால், அங்கே வளர்ந்தவர்களுக்குத் தோன்றாத கேள்வி அவருக்குத் தோன்றும். நகைக்கடனை வெறும் கடன் என்று அவர் எழுதமாட்டார்.

அந்தத் தாய்க்கு எழுதிய கடிதத்தின் கடைசிப் பத்தியை இங்கே தருகிறேன். "அம்மா, மகளிடம் எந்த ஊர், எவ்வளவு செலவு என்று கேட்பதற்கு முன்னால், எந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போகிறாய் என்று கேளுங்கள். அவள் சட்டென்று ஒரு கேள்வியைச் சொன்னால் மகிழ்ச்சியாக அனுப்பிவையுங்கள். யோசித்தால், இன்னும் ஒரு வருடம் வேலையில் இருக்கட்டும். வருகிறவர்கள் கேட்பதைக் குறித்துக்கொள்ளட்டும்."

பதில் வந்துவிட்டது. மகள் சட்டென்று சொன்னாளாம். கணவனை இழந்த பெண்கள், கைக்கு வரும் காப்பீட்டுத் தொகையை முதல் ஒரு வருடத்தில் என்ன செய்கிறார்கள், யார் பேச்சைக் கேட்டுச் செய்கிறார்கள் என்பதுதான் அவளுடைய கேள்வி. மாமியாரும் இளம் வயதில் கணவனை இழந்தவர் என்பதை அந்தத் தாய் இரண்டாவது கடிதத்தில்தான் எழுதியிருந்தார்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலும் பணம் பற்றிய ஒரு கேள்வி பதிலில்லாமல் கிடக்கும். தாத்தா கேட்டதாக இருக்கலாம். நீங்களே இரவில் விழித்துக் கிடந்து யோசித்ததாக இருக்கலாம். பெயர், தொகை எதுவும் வேண்டாம். கேள்வியை மட்டும் ஓர் அஞ்சலட்டையில் எழுதி ஆசிரியர் பக்கத்துக்கு அனுப்புங்கள். வருகிற கேள்விகளையெல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி, அந்தப் பெண் விமானம் ஏறுமுன் அவர் கையில் கொடுக்கப் போகிறேன். முதல் பக்கத்தில் அப்பாவின் கேள்வியை எழுதிவிட்டேன்.

அன்புடன்,
ஆசிரியர்